பக்கத்தில் இருப்பவருக்கே பேட்டரி முதலில் தீருமா? சென்சார் வலையமைப்பில் ‘கேட்வே’யை எங்கே வைப்பது என்ற கேள்வி

கேரளாவின் மூணாறு நகரை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கிறது அந்தோணியார் காலனி. 2005 ஜூலை மழையில் நிலச்சரிவு உயிர்களைப் பறித்த இடம் அது. சில ஆண்டுகள் கழித்து அதே சரிவில் அமிர்தா விஸ்வ வித்யாபீடத்தின் ஆய்வாளர்கள் ஆழமாகத் துளை போட்டு, மண்ணுக்குள் சென்சார்களை இறக்கினார்கள். மண்ணின் ஈரம், மண்துகள்களுக்கு இடையே தேங்கும் நீரின் அழுத்தம், சரிவின் சாய்வு, நிலத்தின் அதிர்வு என ஒவ்வொன்றையும் அளக்க ஒவ்வொரு சென்சார்.

அளந்தால் மட்டும் போதுமா? அந்த எண்கள் மலையை விட்டு வெளியே வர வேண்டுமே!

அதற்கு ஒரு சங்கிலி அமைக்கப்பட்டது. சென்சாரோடு இணைந்த சிறிய வயர்லெஸ் கருவிகள், சரிவிலேயே இருக்கும் ‘கேட்வே’ என்ற சேகரிப்புப் புள்ளிக்குத் தரவை அனுப்பும். அங்கிருந்து வைஃபை வழியாகச் சுமார் 500 மீட்டர் தள்ளியுள்ள கள மையத்துக்குப் போகும். பிறகு செயற்கைக்கோள் இணைப்பு மூலம் சுமார் 300 கி.மீ. தொலைவில், கொல்லம் மாவட்டத்தில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தைச் சென்றடையும். 2009 ஜூலையில் மழை கொட்டித் தீர்த்தபோது, இந்த அமைப்பின் தரவை வைத்து அப்பகுதிக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இந்தச் சங்கிலியில் சென்சாரை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் மலையே தீர்மானித்துவிடும். எந்த இடம் சரியக்கூடியதோ, அங்கேதான் அளக்க முடியும். ஆனால், கேட்வேயை எங்கே வைப்பது? அதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பார்க்கச் சின்ன விஷயம் போலத் தெரியும். மொத்த வலையமைப்பின் ஆயுளும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

பேசுவதற்குத்தான் செலவு அதிகம்

ஒரு வயர்லெஸ் சென்சார் கருவியை ‘நோடு’ என்பார்கள். அதில் ஒரு சென்சார், ஒரு குட்டிக் கணினிச் சிப், ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி இருக்கும். வெப்பநிலை, ஈரம் மாதிரியான எளிய அளவீடுகளில், அளப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் ஆகும் மின்சாரம் சொற்பம். ரேடியோவில் பேசுவதுதான் பேட்டரியைக் குடிக்கும். போனில் சிக்னல் சரியாக இல்லாத ஊருக்குப் போனால் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதைதான் இதுவும்.

எவ்வளவு செலவாகும் என்பதை மதிப்பிட, 2000-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை எளிய கணக்கு ஒன்றைத் தந்தது. ‘லீச்’ என்ற தகவல்தொடர்பு முறையை அறிமுகப்படுத்திய கட்டுரை அது. எழுதிய மூவர் வெண்டி ஹைன்செல்மேன், சென்னையில் பிறந்த ஆனந்த சந்திரகாசன், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். மூவரும் அப்போது அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தவர்கள்.

அவர்களின் கணக்குப்படி, ஒரு பிட் தரவை அனுப்பவோ வாங்கவோ ரேடியோ சர்க்யூட்டுக்கு 50 நானோஜூல் தேவை. ஒரு ஜூலில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோஜூல். அனுப்பும்போது இதோடு தூரத்துக்கான கூலியும் சேரும். அது தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது தூரம் 2 மடங்கானால், கூலி 4 மடங்கு. 10 மீட்டருக்கு 10 நானோஜூல் என்றால், 100 மீட்டருக்கு 1,000 நானோஜூல்.

ஆக, 100 மீட்டர் தள்ளியுள்ள கேட்வேக்கு நேராக ஒரு பிட்டை அனுப்ப 1,050 நானோஜூல் ஆகும். நடுவில் 50 மீட்டரில் இன்னொரு நோடு நின்று வாங்கிக் கொடுத்தால்? முதல் நோடு அனுப்ப 300, நடு நோடு வாங்க 50, அது திரும்ப அனுப்ப 300. மொத்தம் 650. நல்ல மிச்சம்!

அப்படின்னா, நடுவில் இன்னும் நிறைய நோடுகளை நிறுத்தினால் இன்னும் மிச்சமாகுமா? அங்கேதான் ஒரு திருப்பம். 25 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தினால் மொத்தச் செலவு 600. லேசான மிச்சம்தான். 10 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தினால் மறுபடியும் 1,050! ஒவ்வொரு கையும் வாங்கி வாங்கிக் கொடுக்கும்போது சர்க்யூட் செலவு கூடிக்கொண்டே போய், தூரத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் தின்றுவிடுகிறது.

இது எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையான மலையில் மரம், பாறை, ஈரம் எல்லாம் சேர்ந்து எண்களை மாற்றும். ஆனாலும் பாடம் மாறாது. ரொம்ப தூரம் கத்தினாலும் செலவு, ரொம்பப் பேர் கை மாற்றினாலும் செலவு. இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலை இருக்கிறது. அந்தச் சமநிலை கேட்வே நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

பக்கத்து வீட்டுக்காரரின் பாடு

ஒரு கால்வாய் ஓரமாக 10 நோடுகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மணிக்கு ஒரு தகவல் அனுப்புகிறது. ஒவ்வொன்றாலும் பக்கத்து நோடு வரைக்கும்தான் பேச முடியும்.

கேட்வேயை வரிசையின் ஒரு முனையில் வைத்தால் என்ன ஆகும்? கடைசி நோடு தன் தகவல் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்வெடுக்கும். கேட்வேயை ஒட்டியுள்ள நோடோ தன்னுடைய ஒன்றோடு மற்ற ஒன்பது பேருடையதையும் சேர்த்து, மணிக்கு 10 தகவல் அனுப்பியாக வேண்டும். தெருவில் ஃபோன் இருக்கும் ஒரே வீட்டுக்காரர் ஊருக்கே சேதி சொல்லிக்கொண்டிருந்த பழைய காலம் ஞாபகம் வருகிறதா? அந்த நிலைமைதான்.

அதே கேட்வேயை வரிசையின் நடுவில், ஐந்தாவது நோடுக்கும் ஆறாவது நோடுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஐந்தைந்து. அதிக வேலை பார்க்கும் நோடுக்குக்கூட மணிக்கு 5 தகவல்தான். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லாமல், இடத்தை மாற்றியதால் மட்டுமே உச்சச் சுமை பாதியாகிவிட்டது. வலையமைப்பு முழுக்க நடக்கும் மொத்தப் பரிமாற்றங்களும் 55-லிருந்து 30 ஆகக் குறைகின்றன.

வரிசைக்குப் பதிலாக வயல் போன்ற பரப்பு என்றால் இந்தப் பிரச்சினை இன்னும் தீவிரமாகும். கேட்வேயைச் சுற்றி வட்டமாக நோடுகள் சீராகப் பரவியிருக்கின்றன. விளிம்பிலிருந்து நடுவுக்கு வர 5 கை மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் பரப்பளவுக் கணக்குப்படி, கேட்வேயோடு நேரடியாகப் பேசக்கூடிய உள்வட்டத்தில் இருப்பவை 25-ல் ஒரு பங்கு நோடுகள் மட்டுமே. எல்லோருடைய தரவும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதாவது உள்வட்டத்து நோடு ஒவ்வொன்றும் சராசரியாக 25 பேருடைய தகவலைச் சுமக்கும். விளிம்பில் இருப்பது சுமப்பது ஒன்றே ஒன்று.

முடிவு என்ன? உள்வட்டம் முதலில் சாகும். மீதி 96 சதவீத நோடுகளில் பேட்டரி பாக்கி இருக்கும். ஆனால், அவை பேசுவதைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். ஆய்வாளர்கள் இதை ‘ஆற்றல் ஓட்டை’ என்கிறார்கள். கேட்வேயைச் சுற்றி விழும் ஓட்டை என்பதால், கேட்வேயை எங்கே வைத்தாலும் அது கூடவே வரும். நல்ல இடத்தில் வைத்தால் தாமதமாக விழும், அவ்வளவுதான்.

ரெண்டு கேட்வே வெச்சா பிரச்சினை தீர்ந்துடுமா?

ஓரளவுக்குத் தீரும். மேலே சொன்ன 10 நோடு வரிசையை ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் நடுவில் ஒரு கேட்வே வைத்தால் உச்சச் சுமை 3 ஆகும். மூன்று கேட்வே வைத்தால் 2 ஆகும். ஆக 10, 5, 3, 2 என்று இறங்குகிறது. ஒரு முனையில் இருந்த கேட்வேயை நடுவுக்கு நகர்த்தியதில் கிடைத்த லாபம்தான் பெரியது. அடுத்தடுத்து வாங்கும் கேட்வேக்களால் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகிறது. நோடை ஒப்பிட்டால் கேட்வேயின் விலை அதிகம். அதற்குத் தனி மின்சாரம் வேண்டும், இணைய இணைப்பும் வேண்டும். அதனால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன், இருப்பதைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறோமா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால், சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமா? 50 இடங்களில் 5 கேட்வே வைக்கலாம் என்றால், அவற்றைத் தேர்ந்தெடுக்க 21,18,760 வழிகள் உண்டு. கணினி அதைச் சமாளித்துவிடும். 100 இடங்களில் 10 என்றால் 17 லட்சம் கோடி வழிகளைத் தாண்டும். நோடுகளும் இடங்களும் கூடக்கூட இந்த எண் கட்டுக்கடங்காமல் போகும். ரேஷன் கடைகளை எங்கெங்கே திறந்தால் மக்கள் குறைவாக நடப்பார்கள், தீயணைப்பு நிலையத்தை எங்கே வைத்தால் வண்டி சீக்கிரம் போகும் என்ற கேள்விகளும் இதே குடும்பம்தான். எல்லாச் சூழலுக்கும் பொருந்துகிற, மிகச் சிறந்த விடையை வேகமாகத் தரும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதனால் நடைமுறையில் ‘போதுமான அளவுக்கு நல்ல’ விடையைத் தேடுகிறார்கள். பிரபலமான ஒரு வழி ‘கே-மீன்ஸ்’. முதலில் கேட்வேக்களைக் குத்துமதிப்பாக வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு நோடையும் அதற்குப் பக்கத்தில் உள்ள கேட்வேயோடு சேர்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு கேட்வேயையும் தன் கூட்டத்தின் நடுவுக்கு நகர்த்துவார்கள். மறுபடியும் சேர்ப்பது, நகர்த்துவது. இடம் மாறாமல் நிலைக்கும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

இன்னொரு வழி இன்னும் எளிது. முதல் கேட்வேயை ஓரிடத்தில் வைப்பது. அதிலிருந்து அதிக தூரத்தில் தவிக்கும் நோடு எதுவோ, அங்கே இரண்டாவது கேட்வே. இந்த இரண்டுக்கும் எட்டாக்கையில் இருக்கும் நோடின் இடத்தில் மூன்றாவது. இப்படி வைத்தால், எந்த நோடுக்கும் கேட்வே இருக்கும் தூரம், மிகச் சிறந்த ஏற்பாட்டில் வரும் அதிகபட்ச தூரத்தைப் போல 2 மடங்கைத் தாண்டாது. இதைக் கணித ரீதியாகவே நிரூபித்திருக்கிறார்கள்.

இரண்டு வழிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதலாவது மொத்தக் கூட்டத்துக்கும் சராசரியாக நல்லது செய்யும். இரண்டாவது, கடைக்கோடியில் இருப்பவரைக் கைவிடாது. வயலில் ஈரம் அளக்க முதலாவது போதும். நிலச்சரிவு எச்சரிக்கை என்றால்? கடைக்கோடி நோடுதான் முதலில் அசையும் சரிவில் இருக்கிறதோ என்னவோ!

லோராவில் கதையே தலைகீழ்

இப்போது இந்தியாவில் தண்ணீர் மீட்டர், விவசாயம், தெருவிளக்கு எனப் பல இடங்களில் பேசப்படுவது ‘லோரா’ தொழில்நுட்பம். 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் இது இயங்குகிறது. குறைந்த மின்சாரத்தில் சில கிலோமீட்டர் தூரம் பேசும். லோராவான் முறையில் நோடுகள் ஒன்றுக்கொன்று கை மாற்றிக் கொடுப்பதில்லை. எல்லாமே கேட்வேயோடு நேராகப் பேசுகின்றன.

அப்போ பக்கத்து வீட்டுக்காரர் தப்பித்தாரா? தப்பித்தார். மாட்டிக்கொண்டது தூரத்து வீட்டுக்காரர்.

லோராவில் வேகத்தை 7 முதல் 12 வரையிலான படிகளில் மாற்றலாம். கேட்வே அருகில் இருந்தால் 7-வது படியில் படபடவென்று பேசி முடித்துவிடலாம். தூரம் கூடினால் மெதுவாக, நீட்டி நீட்டிப் பேச வேண்டும். ஒரு படி ஏறினால் பேசும் நேரம் ஏறக்குறைய 2 மடங்காகும். ஒரே அளவு தகவலை அனுப்ப, 12-வது படியில் இருக்கும் நோடு 7-வது படியில் இருப்பதைவிட 20 மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் ரேடியோ ஓடும், பேட்டரி கரையும். அலைவரிசையை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்வதால், மற்றவர்களின் தகவலோடு மோதும் வாய்ப்பும் அதிகம்.

ஆக, கை மாற்றும் முறையில் பக்கத்தில் இருப்பவர் முதலில் சாகிறார். நேராகப் பேசும் முறையில் தூரத்தில் இருப்பவர் முதலில் சாகிறார். தொழில்நுட்பம் மாறினால் பலியாள் மாறுகிறார். இடம் பற்றிய கேள்வி மட்டும் மாறுவதில்லை.

வரைபடத்தில் நடு, மண்ணில் நடு

கணினி ஒரு புள்ளியைக் காட்டும். அங்கே போய்ப் பார்த்தால் நடுக்குளமாக இருக்கும், அல்லது வேறொருவரின் பட்டா நிலமாக இருக்கும். கேட்வேக்கு வேண்டியது நாள் முழுக்க மின்சாரம் அல்லது நல்ல வெயில், வெளியுலகத்தோடு பேச இணைப்பு, பழுது பார்க்க ஆள் ஏறிப் போகும் வழி, திருட்டுப் பயமில்லாத இடம். இவை எல்லாம் ஒன்றாக அமையும் இடம் பெரும்பாலும் கணக்குச் சொல்லும் நடுப்புள்ளியாக இருக்காது.

அலைகளுக்கும் தனி விருப்பு வெறுப்பு உண்டு. தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சும். கோடையில் நன்றாகப் பேசிய நோடு, மழைக்காலத்தில் இலை அடர்ந்ததும் மௌனமாகிவிடலாம். வரைபடத்தில் 80 மீட்டர் என்று இருக்கும். நடுவில் ஒரு பாறை மேடு இருந்தால் அந்த 80 மீட்டருக்கு அர்த்தமே இல்லை. அதனால், இடத்தை முடிவு செய்வதற்கு முன் கையில் ஒரு ரேடியோவோடு நடந்து பார்த்துச் சிக்னலை அளப்பதற்கு மாற்று கிடையாது. அதையும் மழைக்காலத்தில் ஒருமுறை செய்வது நல்லது. எச்சரிக்கை தேவைப்படுவதே அப்போதுதானே!

மையமே விழுந்தால்?

2005-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் எரிமலை நிபுணர்களும் சேர்ந்து, ஈக்வடார் நாட்டின் ரெவென்டடோர் எரிமலையில் 16 நோடுகளைச் சுமார் 3 கி.மீ. நீளத்துக்குப் பதித்தார்கள். 19 நாட்களில் 230 வெடிப்புகளும் அதிர்வுகளும் பதிவாயின. எரிமலைச் சரிவில் கிடக்கும் நோடுகள்தான் அடிக்கடி பழுதாகும் என்று யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. நோடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. மென்பொருள் கோளாறு ஒன்று வலையமைப்பைச் சில நாட்கள் முடக்கியது. தரவைப் பதிவு செய்த மையத்தில் மின்சாரம் போனபோதும் பதிவு நின்றது. சாம்பலுக்கு நடுவே நோடுகள் பேசிக்கொண்டுதான் இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை.

வெளியுலகத் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை மூணாறு பகுதியும் அனுபவித்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடி தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மீது மலை சரிந்தது. 70 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அது சென்சார் வலையமைப்பு இருந்த இடமல்ல. ஆனால், மழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், நடந்ததே வெளியே தெரிய மறுநாள் காலை ஆனது. எந்த மழை மலையைச் சரிக்கிறதோ, அதே மழைதான் டவரையும் கம்பியையும் சாய்க்கிறது. எச்சரிக்கைக்கான சேகரிப்புப் புள்ளியை வைக்கும்போது இதை மறந்தால், மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

இதற்கு விடை, ஒவ்வொரு நோடுக்கும் குறைந்தது இரண்டு கேட்வே எட்டும்படி வைப்பது. அந்த இரண்டும் ஒரே மின் இணைப்பையோ, ஒரே சரிவையோ நம்பியிருக்கக் கூடாது. ஆயுளைக் கூட்ட கேட்வே நடுவில் இருக்க வேண்டும். உயிர்பிழைக்க அது சரியாத நிலத்தில் இருக்க வேண்டும். இரண்டும் மோதினால்? எச்சரிக்கை அமைப்பில் இரண்டாவதற்குத்தான் முன்னுரிமை. பேட்டரியை அடுத்த மாதம்கூட மாற்றிக்கொள்ளலாம்.

கேட்வேயே நடந்து போகலாமா?

போகலாம். கென்யாவின் ம்பாலா பகுதியில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ‘ஜீப்ராநெட்’ திட்டம் வரிக்குதிரைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டைகளைக் கட்டியது. நிலையான சேகரிப்புப் புள்ளி எதுவும் இல்லை. இரண்டு வரிக்குதிரைகள் அருகருகே வரும்போது பட்டைகள் தரவைப் பகிர்ந்துகொள்ளும். ஆய்வாளர்களின் வண்டி எப்போதாவது ஒன்றின் அருகே போனால், பல குதிரைகளின் பயணக் கதை ஒரே இடத்தில் கிடைத்துவிடும். வயலில் டிரோனோ டிராக்டரோ சுற்றி வந்து தரவை அள்ளிக்கொள்வதும் இதே யோசனைதான்.

சேகரிப்புப் புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால் ஆற்றல் ஓட்டை ஒரே இடத்தில் விழாது. எல்லோரும் முறை வைத்துச் சுமை தூக்குகிறார்கள். விலை, தாமதம். வரிக்குதிரை நேற்று எங்கே மேய்ந்தது என்பது நாளை தெரிந்தால் போதும். மலைக்குள் நீர் அழுத்தம் ஏறுவது நாளை தெரிந்தால் பயனில்லை.

அதனால், இந்தத் துறையில் வேலை பார்க்கும் எவரும் மென்பொருளைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தகவல் எவ்வளவு சீக்கிரம் வேண்டும்? முதலில் சாகப்போகும் நோடு எது, அது செத்தால் யார் யார் துண்டிக்கப்படுவார்கள்? மிக மோசமான நாளில் இந்தக் கேட்வேக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால், நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடலாம்.

சரிவின் அடியில் வீடு இருப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. மழை வலுக்கும் ராத்திரியில், “கிளம்புங்க” என்ற ஒரு வார்த்தை நேரத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.